கொடுத்ததும் கைவிடாததும்

ஈட்டிய பொருளைத் தமக்குப் பின் எவரிடம், எவ்வகையில் விட்டுச் செல்வது என்னும் கவலை பெருஞ்செல்வர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு வீடும் இரண்டு ஏக்கர் நன்செயும் உடையவர்க்கும் அது உண்டு. அக்கவலைக்கு உலகம் கண்ட வழிகளுள் ஒன்று டிரஸ்டு. பொருளுக்குரியவர் அதனை நம்பகமான ஒருவரிடம் ஒப்படைக்கிறார். பெற்றவர் அதைத் தமக்கெனக் கொள்ளாமல், குறிக்கப்பட்ட வேறொருவரின் நன்மைக்காகப் பேணுகிறார். முதல்வர் ஒப்படைப்பவர், பேணுபவர் பொறுப்பாளர், பயன் துய்ப்பவர் பயனாளி. எழுதிவைத்ததைப் பின்னர் மாற்றவும் ரத்துச் செய்யவும் உரிமை வைத்துக்கொண்டால் அது மீட்கத்தக்க டிரஸ்டு. அவ்வுரிமையை விட்டுவிட்டால் மீளா டிரஸ்டு. இவ்விரண்டின் வரலாற்றை நோக்கின், "உண்மையாகவே கொடுத்துவிட்டாயா?" என்னும் ஒரே வினாவைச் சட்டம் மீண்டும் மீண்டும் கேட்டு வந்திருப்பது புலனாகும்.

டிரஸ்டின் பிறப்பிடம் இடைக்கால இங்கிலாந்து. அங்கே நிலத்தை உயில் எழுதி விடுவதற்குப் பொதுச் சட்டம் இடம் தரவில்லை. உடையவர் இறந்தால் அது பெரும்பாலும் மூத்த மகனைச் சேரும். போர்ச்சேவைக்கு ஈடாகப் பெற்ற நிலமாயின், மகன் சிறுவனாயிருக்கும் வரை அதன் வருவாயை மேற்பிரபு எடுத்துக்கொள்வார். இதற்கு அஞ்சியவர்கள் உயிருடன் இருக்கும்போதே நிலத்தை நண்பர்கள் பெயருக்கு மாற்றி, பயனைத் தாமும் தமக்குப்பின் தாம் குறிப்பவரும் பெறுமாறு ஏற்பாடு செய்தனர். உடைமை கொள்ளலாகாது என்று நோன்பு பூண்ட பிரான்சிஸ்கன் துறவியரின் இல்லங்களையும் பிறர் இம்முறையில் பேணியதுண்டு. நண்பர் வாக்குத் தவறினால் பொதுச் சட்ட மன்றங்கள் துணைக்கு வாரா. அரசரின் சான்சலரே மனச்சான்றின் பெயரால் அவரைக் கட்டுப்படுத்தினார்.

தம் வருவாய் குறைவதைக் கண்ட எட்டாம் ஹென்றி, 1536-இல் ஒரு சட்டம் கொணர்ந்தார். பயன் எவருடையதோ, நிலமும் அவருடையதே என்பது அதன் சாரம். எதிர்ப்பு வலுக்கவே, 1540-இல் நிலத்தின் பெரும்பகுதியை உயில் வழியாக விட இசைந்தார். வழக்கறிஞர்களோ பழைய சட்டத்தில் சந்து கண்டனர். 17-ஆம் நூற்றாண்டில் சான்சலர் மன்றம் அதனை ஏற்றது. பழைய ஏற்பாடு டிரஸ்டு என்னும் பெயரில் மறுபிறவி எடுத்தது.

இம்முறையை இந்தியாவில் தனியார் டிரஸ்டுகளுக்கு வரையறுத்தது 1882-ஆம் ஆண்டின் டிரஸ்டுச் சட்டம். அதன் 78-ஆம் பிரிவு நம் பொருளுக்கு நேரே உரியது. உயிலால் ஏற்படுத்தும் டிரஸ்டை எழுதியவர் தம் விருப்பம்போல் மாற்றலாம்; உயில் அவர் மறைவுக்குப் பின்னரே உயிர் பெறுவதாகும். வாழ்நாளிலேயே ஏற்படுத்திய டிரஸ்டு அத்தகையதன்று. ஒப்பந்தம் செய்யத் தகுதியுடைய பயனாளிகள் அனைவரும் இசையவேண்டும். அல்லது ரத்து உரிமை வெளிப்படையாக ஒதுக்கிவைக்கப்பட்டிருக்கவேண்டும். கடன் தீர்ப்பதற்கென ஏற்படுத்திக் கடன் கொடுத்தோர்க்கு இன்னும் அறிவியாதது ஒன்றே இதற்கு விலக்கு. சுருங்கக் கூறின், பத்திரம் மௌனமாயிருந்தால் கொடை மீளாது.

அங்ஙனமாயின் உரிமையை ஒதுக்கிவைத்துக்கொள்வதே அறிவுடைமையன்றோ எனலாம். அமெரிக்க நாட்டு வழக்கொன்று இதற்கு விடை கூறும். ஒருவர் தம் நிதியைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்து, அதன் வருவாய் வாழ்நாள் முழுதும் மனைவிக்குச் சேருமாறு எழுதினார். ஆனால் ரத்துச் செய்யும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். வருவாய் மனைவியின் கைக்கே சென்றது. வரியோ கணவர்மீது விதிக்கப்பட்டது. 1930-இல் உச்சநீதிமன்றம் அவ்வரி செல்லும் என்று தீர்ப்பளித்தது. பெயர் எவருடையதாயினும் ஆட்சி எவரிடம் இருக்கிறது என்பதையே வரி நோக்கும் என்பது நீதிபதி ஹோம்ஸ் கண்ட முடிவு. இந்தியாவிலும் 1961-ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டம், மீட்கத்தக்க மாற்றத்தால் வரும் வருவாயைக் கொடுத்தவருடையதாகவே கணக்கிட்டது. 1953 முதல் 1985 வரை நடப்பிலிருந்த மரணச் சொத்துவரியும், மீட்கும் உரிமையோடு எழுதிவைத்த சொத்தை இறந்தவரின் சொத்தாகவே கொண்டது.

எனவே மீட்கத்தக்க டிரஸ்டினால் வரிச்சுமை நீங்குவதில்லை. நோயாலோ முதுமையாலோ தளர்ந்தபோது பொறுப்பாளர் சொத்தைப் பேணுவார் என்பதே அதன் நலம். மீளா டிரஸ்டின் நலம் உறுதிப்பாடு. நம் முன்னோர் அவ்வுறுதியை நன்கறிந்திருந்தனர். சோழர் காலத்தில் கோயில் விளக்குக்கென ஆடுகளை இடையரிடம் ஒப்படைத்து, நாள்தோறும் நெய் அளக்கச் செய்தனர். இறந்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளர்ந்து வரும்; மந்தையின் தொகை குறையலாகாது. ஆதலின் அவற்றைச் "சாவா மூவாப் பேராடு" என்று கல்வெட்டுகள் குறிக்கும். முதல் அழியாமல் பயன் மட்டும் பெருகும் ஏற்பாட்டுக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேண்டுமோ? நம் காலத்துக்கு அணித்தாக, 1932-இல் மக்கட்பேறில்லாத சர் தொராப்ஜி டாட்டா, தாம் மறைவதற்குச் சில திங்கள் முன்னர்த் தம் செல்வத்தை அறத்துக்கென எழுதிவைத்தார். 1941-இல் பம்பாயில் திறக்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை அதன் பயன்களுள் ஒன்று.

ஆயினும் இல்லறத்தார்க்கு ஓர் எச்சரிக்கை. மக்கள்மீதுள்ள அன்பினால், குடியிருக்கும் வீட்டையே தானப்பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னர் அவ்வீட்டுத் திண்ணையில் விருந்தினர்போல் அமர்ந்திருக்கும் முதியோர் நம் நாட்டில் உளர். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் நலச்சட்டம் இவர்க்கு ஒரு கதவைத் திறந்தது. தம்மைப் பேணவேண்டும் என்னும் நிபந்தனையோடு கொடுத்திருந்து, பெற்றவர் அதில் தவறினால், அம்மாற்றம் செல்லாதென்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதாதவர், அதனை மெய்ப்பிக்க முதுமையில் அலையவேண்டி வரும்.

ஆகவே கையொப்பமிடுமுன் ஒவ்வொருவரும் சட்டம் கேட்கும் வினாவைத் தாமே தம்மைக் கேட்டுக்கொள்வாராக. நாளை நமக்கு வேண்டியிருக்கும் பொருளை மீளா வகையில் கொடுத்தலாகாது. நமக்கு எஞ்சியதை, எஞ்சியது என்று துணிந்த பின்னர், முழு மனத்தோடு கொடுத்துவிடுதல் வேண்டும். பாதி கொடுத்துப் பாதி பற்றிக்கொண்டிருக்கும் கையைச் சட்டமும் கொடுத்த கையென்று ஏற்பதில்லை.