புனித வெள்ளியில் மாரியம்மன் நோம்பி

வெண்ணந்தூர்ப் பக்கம் திருவிழாவை 'நோம்பி' என்போம். ஐப்பசி வந்தால் ராசிபுரம் நித்திய சுமங்கலி மாரியம்மன் நோம்பி. மற்ற ஊர்களில் நோம்பி முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அம்மனின் கணவனாகக் கருதப்படும் கம்பம் அது. ராசிபுரத்தில் அது ஆண்டு முழுக்க நிற்கும். அதனால்தான் அம்மனுக்கு அந்தப் பெயர்.

இங்கே ஊருக்கு ஊர் நோம்பி மாதம் மாறும். ஆனால் அதை முடிவு செய்வது ஊர்தான். அந்த உரிமையே இல்லாத இடத்தில் மாரியம்மனைக் கும்பிட்டவர்கள் என்ன செய்தார்கள்?

1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பாலோர் சென்னை மாகாணத்துக்காரர்கள். ஆள் போன மாவட்டங்களில் பழைய சேலம் மாவட்டமும் ஒன்று. வெண்ணந்தூரும் அப்போது அதில்தான் இருந்தது.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். சொல்லாமல் வேலைக்கு வராவிட்டால் கூலி பிடிப்பார்கள், வழக்கும் போடுவார்கள். அப்புறம் ஆடி என்ன, ஐப்பசி என்ன? இந்தியர் பண்டிகை என்று முதலாளிகள் லீவு விட்டது பெரும்பாலும் மொஹரத்துக்குத்தான். அதனால் இந்துக்களும் அதில் கலந்துகொண்டு கூடு தூக்கினார்கள். வெள்ளைக்காரர்கள் அதைக் 'கூலி கிறிஸ்துமஸ்' என்று ஏளனம் செய்தார்கள்.

மாரியம்மனுக்குக் கிடைத்தது புனித வெள்ளி. கிறிஸ்தவ ஆட்சியில் அது பொது விடுமுறை. இன்றும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரின் சிவசுப்பிரமணியர் மாரியம்மன் கோயிலில் தீமிதி நடப்பது புனித வெள்ளியன்றுதான். டர்பனை அடுத்த இசிபிங்கோ மாரியம்மன் கோயிலிலும் அன்றைக்குக் கூட்டம் அலைமோதும்.

இதில் ஒரு பொருத்தமும் உண்டு. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்னரோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். ஆகவே புனித வெள்ளி பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டியே வரும். நம் ஊர்களிலும் பல மாரியம்மன் நோம்பிகள் பங்குனி, சித்திரையில்தானே! கிடைத்த லீவு அம்மனின் பருவத்திலேயே அமைந்துவிட்டது. ஆடிக் கூழையும் அவர்கள் விடவில்லை. ஆங்கிலத்தில் அதைக் 'கஞ்சி வழிபாடு' என்று அழைக்கிறார்கள்.

1908இல் டர்பன் வந்த சுவாமி சங்கரானந்தர் தீபாவளிக்கு விடுமுறை கேட்டுப் போராடினார். அது நியாயமான கோரிக்கை. ஆனால் மொஹரத்தில் இந்துக்கள் கலந்துகொள்வதையும் அவர் கண்டித்தார். லீவு கேட்ட அதே கையோடு, யாருடைய பண்டிகை யாருக்கு என்ற கோடும் போடப்பட்டது. கூலி லயத்தில் ஒன்றாக இருந்தவர்களைப் பண்டிகை பிரிக்கத் தொடங்கியது.

இப்போது வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பொங்கலைச் சனிக்கிழமைக்குத் தள்ளி வைத்தால், "நாள் பார்க்காம என்ன பொங்கல்?" என்று ஊரில் கேட்கிறார்கள். நேட்டாலில் நாளை முதலாளி வைத்தான். தீயை இவர்கள் மிதித்தார்கள். நாள் மாறியும் நூறு வருஷத்துக்கு மேல் அந்த நோம்பி நிற்கிறது, ராசிபுரத்துக் கம்பம் மாதிரி.