கடலுக்குப் போனா ராத்தங்கல் எங்கே?

சங்கரன்கோவில்காரனுக்குக் கடல் பக்கத்துல கிடையாது. திருநெல்வேலி சுமார் 55 கிலோமீட்டர், அங்கிருந்து திருச்செந்தூர் இன்னொரு 60. இன்னைக்கு பஸ்ஸோ காரோ ஏறினா மூணு மணி நேரத்துல அலையில கால் நனைச்சிடலாம். ஆனா மாட்டு வண்டி காலத்தை யோசிச்சுப் பாருங்க. ஒரு நாளைக்கு இருபது மைல் போனாலே மாடு நாக்கைத் தள்ளிடும். அப்படின்னா போக மூணு ராத்திரி, வர மூணு ராத்திரி, கடற்கரையில ரெண்டு மூணு ராத்திரி. இத்தனை ராத்திரியும் குடும்பத்தோட எங்க படுத்தாங்க?

இப்போ எல்லாரும் செல்போன்ல 'கடல் பார்த்த வீடு, ஒரு நாள் வாடகை இவ்வளவு'ன்னு தேடறாங்க. ஏர்பிஎன்பி அமெரிக்காவுல 2008ல ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் ஏதோ புது உலகமே பிறந்த மாதிரி பேச்சு. அடுத்தவன் வீட்டுல ரெண்டு நாள் காசு குடுத்துத் தங்கறது நம்ம பக்கம் பழைய சமாச்சாரம்தான். யாரை உள்ளே விட்டாங்க, யாரை விடலைங்கிறதுலதான் கதையே இருக்கு.

முதல்ல ராஜாக்கள் கட்டின சத்திரம். ராணி மங்கம்மாள் (1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்டவங்க) சாலை போட்டு, சோலை வெச்சு, சத்திரம் கட்டினது பள்ளிக்கூடப் பாடத்துலயே வரும். மதுரை ரயில்வே ஸ்டேஷன் எதிரே அவங்க பேர்ல சத்திரம் இருக்கறது ஊருக்கே தெரியும். இன்னும் விவரமா வேணும்னா தஞ்சாவூர்ப் பக்கம் போகணும். ராமேஸ்வரம் போற யாத்ரீகர்களுக்காக மராட்டிய ராஜாக்கள் வழி நெடுகச் சத்திரம் கட்டியிருந்தாங்க. ஆங்கிலேயர்கள் அதுல கை வெச்சிடுவாங்களோன்னு பயந்து, 1801ல இரண்டாம் சரபோஜி ரெசிடெண்டுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். சத்திரத்துல என்னென்ன நடக்குதுன்னு அதுல விளக்கமா இருக்கு. நேரங்கெட்ட நேரத்துல வர்றவனுக்கும் சோறு, சீக்காளிக்கு வைத்தியர், பிள்ளைத்தாச்சிக்குக் கவனிப்பு, அநாதைப் பிள்ளைக்குப் படிப்பு, வழியில செத்துப்போனவனுக்கு இறுதிக்காரியம் வரைக்கும்! இன்னைக்கு எந்த ஐந்து நட்சத்திர ஓட்டல்காரன் இதுல பாதி செய்வான்? :-)

சரி, அந்தச் சோறு எல்லாருக்கும் ஒரே பந்தியிலயா? இல்லை. பல சத்திரங்கள்ல பிராமணர்களுக்குத் தனி, மத்தவங்களுக்குத் தனி. சிலதுல மத்தவங்களுக்கு வாசப்படியே கிடையாது. பெரியார் இளவயசுல காசிக்குப் போனப்போ சத்திரத்துல சாப்பாடு மறுக்கப்பட்ட கதை எல்லாருக்கும் தெரியும். அதைவிட என் மனசுல நிக்கறது அம்பேத்கர் எழுதினது. அமெரிக்காவுலயும் லண்டன்லயும் படிச்சிட்டு 1917ல பரோடா சமஸ்தான வேலைக்குப் போறார். தங்க இடம் கிடைக்கலை. பார்சிக்காரங்களுக்கான ஒரு விடுதியில, பார்சின்னு பேர் மாத்திச் சொல்லி, தினசரி வாடகைக்கு மாடியில ஒரு அறை எடுக்கறார். பதினோராவது நாள் தடியோட ஒரு கூட்டம் வந்து வெளியே போன்னு மிரட்டுது. இத்தனைக்கும் வாடகை ஒழுங்காக் குடுத்துட்டுத்தான் இருந்தார். காசு மட்டும் பத்தாதுங்கிறதுக்கு இதைவிட வேற சாட்சி வேணுமா?

நம்ம பக்கத்துல இந்தப் பிரச்சினைக்கு ஒரு சமூகம் தனக்குத்தானே வழி கண்டுபிடிச்சது. பேட்டை! பத்தொன்பதாம் நூற்றாண்டுல தேரிக்காட்டுப் பக்கமிருந்து கருப்பட்டி, உப்பு, கருவாடுன்னு வண்டியில ஏத்திட்டு வடக்கே போன நாடார் வியாபாரிகளுக்கு வழியில ரெண்டு பயம். ஒண்ணு திருடன். இன்னொண்ணு, ஊருக்குள்ள தங்க எவனும் இடம் குடுக்க மாட்டான். அதனால ஒரு நாள் வண்டிப் பயணத்துக்கு ஒரு இடம்னு சுத்துச்சுவர் வெச்சுப் பேட்டை கட்டினாங்க. ராத்திரி வண்டி, மாடு, சரக்கு எல்லாம் உள்ளே. கிணறு இருக்கும், படுக்க இடம் இருக்கும். செலவுக்கு மகமை, அதாவது வியாபாரத்துல இவ்வளவுன்னு எடுத்து வைக்கிற பணம். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969ல வந்த தன் புத்தகத்துல இதைப்பத்தி நல்லா எழுதியிருக்கார். ராத்திரி படுக்கச் சேர்த்த அந்த மகமைப் பணம்தான் பிற்பாடு பள்ளிக்கூடம் ஆச்சு. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1885ல வந்தது. 'ஏன் தனியாக் கட்டினாங்க, எல்லாரோடயும் சேர்ந்திருக்க வேண்டியதுதானே'ன்னு இன்னைக்குச் சில பேர் சுலபமாக் கேட்கறாங்க. சங்கரன்கோவில்ல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கற கழுகுமலையில 1895ல என்ன நடந்தது, 1899ல சிவகாசியில என்ன நடந்ததுன்னு படிச்சிட்டு வந்து கேட்கட்டும்.

இப்போ கடற்கரைக்கே வருவோம். திருச்செந்தூர்ல சீசன் வாடகை வீடு எப்படி ஆரம்பிச்சிருக்கும்? இங்கதான் திரிசுதந்திரர்கள் வர்றாங்க. சாமி தரிசனத்துக்கு உதவி, அர்ச்சனை, பிரசாதம் எல்லாம் பார்த்துக்கற பரம்பரை. மொத்தம் ரெண்டாயிரம் பேர் வந்தாங்க, எண்ணினா ஒரு ஆள் குறைஞ்சது, அந்த ரெண்டாயிரமாவது ஆள் நான்தான்னு முருகனே சொன்னார்னு ஐதீகம். ஊர் ஊரா, குடும்பம் குடும்பமா அவங்களுக்கு வாடிக்கை உண்டு. 'எங்க ஐயர்'னு சொல்லித்தான் எங்க பக்கத்துப் பெரியவங்க பேசுவாங்க. முடி எடுக்க, காது குத்தப் போனா அந்த ஐயர் வீட்டுத் திண்ணையிலயோ முன்கட்டுலயோ மூட்டை இறக்கறது. வாடகைன்னு வாய்விட்டுக் கேட்கறதில்லை, கிளம்பும்போது தட்சிணையாக் குடுக்கறது. விருந்தாளிக்கும் வாடகைக்காரனுக்கும் நடுவுல ஒரு உறவு அது. வெப்சைட்டுல 'வீட்டு உணர்வோடு தங்குங்கள்'னு போடறாங்களே, அது இதைப் பார்த்துக் காப்பி அடிச்ச மாதிரிதான் எனக்குப் படுது. ஆனா அந்த முன்கட்டும் எல்லாருக்கும் திறந்த முன்கட்டு இல்லைங்கிறதையும் சேர்த்தே சொல்லணும். அதனாலதான் சமூகத்துக்கு ஒண்ணுன்னு அங்க மடமும் சத்திரமும் எழும்பிச்சு. யாருக்கும் மடம் கட்ட வசதியில்லாத சாதிக்காரனுக்கு? மணல்தான். கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கற கூட்டம் கடற்கரை மணல்ல படுக்கறதை இன்னைக்கு பக்தின்னு ரசிக்கறோம். ஒரு காலத்துல சில பேருக்கு வேற வழியே இல்லாத படுக்கை அது.

ரயில் வந்தது கொஞ்சம் கணக்கை மாத்திச்சு. திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதை 1923ல, விருதுநகர் - தென்காசி பாதை சங்கரன்கோவில் வழியா 1927ல. மூணு ராத்திரி வழிப்பயணம் ஒரே நாளாச் சுருங்கிச்சு. பேட்டைக்கும் வழிச்சத்திரத்துக்கும் வேலை குறைஞ்சு, ஊர்ல தங்கற லாட்ஜுக்கு வேலை வந்தது. லாட்ஜ்காரன் அட்வான்ஸைத்தான் முதல்ல பார்ப்பான். இதைக் குறையாச் சொல்றவங்க உண்டு. எனக்கு அது பெரிய முன்னேற்றமாத்தான் தெரியுது.

சட்டம் அதுக்கப்புறம்தான் வருது. 1950ல அரசியல் சாசனத்தோட 15வது பிரிவு, ஓட்டல்ல சாதி மதம் பார்த்துத் தடுக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. 1955ல தீண்டாமைக் குற்றச் சட்டம் (1976ல குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டம்னு பேர் மாறினது) தர்மசாலை, சராய், முசாபர்கானான்னு ஒவ்வொண்ணாப் பேர் சொல்லியே தடை போட்டது. எந்த எந்த வாசல்ல தடுத்தாங்கன்னு தெரிஞ்சவங்க எழுதின சட்டம்!

ஆனா நாள் வாடகை வீடு? அங்கதான் பழைய கேள்வி பின்வாசல் வழியா வருது. போன்ல பேசும்போதே 'எந்த ஊரு, எந்தத் தெரு, சாப்பாடு சைவமா'ன்னு விசாரிப்பாங்க. தெருப் பேர் எதுக்குன்னு நமக்குத் தெரியாதா என்ன? அப்புறம் 'ஃபேமிலியா'ன்னு ஒரு கேள்வி. கோயம்புத்தூர்ல கல்யாணமாகாத ஜோடி தங்கியிருந்தாங்கன்னு நாள் வாடகைக் குடியிருப்பு ஒண்ணுக்கு 2019ல அதிகாரிகள் சீல் வெச்சாங்க. அந்த வருஷம் டிசம்பர்லயே சென்னை உயர் நீதிமன்றம், வயசுக்கு வந்த ரெண்டு பேர் ஒரு அறையில தங்கறது குற்றம்னு எந்தச் சட்டமும் சொல்லலைன்னு சொல்லி, சீலை எடுக்கச் சொல்லிடுச்சு. நாலு பேர்கிட்ட காசு வாங்கித் தங்க வைக்கிற வீடு, என்னைக் கேட்டா, வீடு இல்லை, விடுதி. விடுதிக்கு உள்ள நியாயம் அதுக்கும் உண்டு. 'என் வீடு, என் இஷ்டம்'ங்கிறது வாடகை வாங்காத வரைக்கும்தான்.

எங்க ஊரும் இதுல யோக்கியம் இல்லை. ஆடித்தபசு வந்தா பன்னெண்டு நாளும் சங்கரநாராயணர் கோயிலைச் சுத்தி ஜனம் நிரம்பும். முன்னாடி கிராமத்துச் சனங்க ரத வீதித் திண்ணைகள்ல படுத்திருப்பாங்க, கேட்காமலே. எந்தத் திண்ணையில யார் உட்காரலாம்னு எழுதாத கணக்கு அப்பவும் இருந்தது. இப்போ திண்ணையே இல்லை, கம்பிக் கதவுதான். லாட்ஜு ரெண்டு மாசம் முன்னாடியே நிரம்பிடும். தபசுக்கு வர்ற நண்பர்கள் சித்திரை முடிஞ்சதுமே ரூம் போட்டுடுங்க. தெருப் பேர் கேட்டா, ரத வீதின்னு சொல்லிப் பாருங்க, முகம் எப்படி மாறுதுன்னு எனக்கும் எழுதுங்க :)