சார்பு முன்னே, சமன்பாடு பின்னே

ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள். மாணவர் எண்ணிக்கை 'ம', பேராசிரியர் எண்ணிக்கை 'ப' என்றால் சமன்பாடு என்ன? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் கிளெமென்ட் இந்தக் கணக்கைக் கொடுத்தது பள்ளிப் பிள்ளைகளுக்கு அல்ல. முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் 150 பேருக்கு. அவர்களில் 37 விழுக்காட்டினர் தவறினார்கள். பெரும்பாலோர் எழுதிய விடை 6ம = ப. அதாவது, மாணவரைவிடப் பேராசிரியர் ஆறு மடங்கு!

1982இல் வெளியான அந்த ஆய்வு கவனக்குறைவைக் காரணமாகச் சொல்லவில்லை. மாணவர் கூட்டம் பெரிது என்பது தெரிந்தவர்களும் தலைகீழாகவே எழுதினார்கள். அவர்களுக்கு 'ம' மாறும் எண்ணாக இல்லை, மாணவர் என்பதன் சுருக்கெழுத்தாக இருந்தது.

இன்னொரு முடிவு இதைவிட முக்கியமானது. கிளெமென்ட், லாக்ஹெட், சோலோவே மூவரும் 1980இலேயே இத்தகைய கணக்குகளைக் கணினி நிரலாகவும் எழுதச் சொன்னார்கள். சமன்பாட்டைவிட நிரலில் சரியான விடை கூடுதலாக வந்தது. நிரல் ஓர் எண்ணை வாங்கும், ஆறால் பெருக்கும், இன்னோர் எண்ணைத் தரும். பெயர் என்னவாக இருந்தாலும் அது சார்புதான்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஒருமாறிச் சமன்பாடு எட்டாம் வகுப்பிலேயே வருகிறது. 'உறவுகளும் சார்புகளும்' பத்தாம் வகுப்பு வரை காத்திருக்கிறது. மதிப்பகம், வீச்சகம் போன்ற சொற்களைத் தள்ளிவைப்பது நியாயமே. ஆனால் ஒன்று மாற மற்றொன்று மாறும் என்ற எண்ணத்தை ஏன் தள்ளிவைக்க வேண்டும்? அதற்கு ஓர் அட்டவணை போதும். சார்பின் மதிப்பைக் கொடுத்து, எந்த எண்ணுக்கு அது கிடைக்கும் என்று கேட்பதே சமன்பாடு. கேள்வி எதைப் பற்றியது என்று அறியாத பிள்ளைக்குக் கையில் மிஞ்சுவது, 'இந்தப் பக்கம் கூட்டல் அந்தப் பக்கம் போனால் கழித்தல்' என்ற மந்திரம் மட்டுமே.

2013இல் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளலாம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். தூரம் 'த' என்றால், 1.8ஐத் தாண்டியபின் கட்டணம் 25 + 12(த − 1.8). மீட்டர் 73 காட்டினால் 48ஐ 12ஆல் வகுத்து 4. ஆகவே தூரம் 5.8 கிலோமீட்டர். இதுவரை மந்திரம் பலிக்கிறது.

மீட்டரில் 25 என்றால்? மந்திரம் தரும் விடை 1.8 மட்டும். உண்மையில் தெருமுனை வரை போனவரும் 1.8 கிலோமீட்டர் போனவரும் அதே 25ஐத்தான் கொடுப்பார்கள், விடைகள் எண்ணற்றவை. 20 என்றால்? பிள்ளை பிசகில்லாமல் இடம்மாற்றி, ஏறத்தாழ 1.38 கிலோமீட்டர் என்று எழுதிவிடும். ஒவ்வொரு வரியும் சரி, விடை தவறு. எந்தத் தூரத்துக்கும் கட்டணம் 25க்குக் கீழே இறங்காது. வரைபடத்தில் 25இல் படுத்துக் கிடந்து, 1.8க்குப் பிறகு ஏறும் கோட்டை ஒருமுறை தன் கையால் வரைந்த பிள்ளை, 20க்கு விடையில்லை என்பதைக் கணக்குப் போடும் முன்பே சொல்லிவிடும்.