காட்டு மரத்துப் பாலும் பல்லின் வேரும்



"பல்லு வலியா? ஒரு கிராம்பை வெச்சுக் கடிச்சுக்கோ. கேக்கலையா, புடுங்கிப் போட்டுடு!" நம் தோட்டங்களில் பல் வைத்தியம் நெடுங்காலம் இந்த அளவில்தான் இருந்தது. பல்லில்லாமல் வெற்றிலை பாக்கை இடித்துப் போட்டுக்கொண்ட பாட்டிமார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்று பல்லைப் பிடுங்காமல், அதன் வேரைச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால் சிகிச்சை வந்துவிட்டது. "எந்தப் பசை வெச்சு அடைப்பாங்க? விலை கூடினதுதான் நல்லதா?" என்று செலாயாங் பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் விடை நம் நாட்டுக் காட்டிலிருந்து தொடங்குகிறது.

மலாயாக் காடுகளில் தாபான் என்றொரு மரம் உண்டு. அதன் பாலை மலாய்க்காரர்கள் வெந்நீரில் இளக்கிப் பாராங் கத்திக்குப் பிடி செய்தார்கள். ஆறினால் கெட்டியாகிவிடும். 1840களில் சிங்கப்பூரில் இருந்த டாக்டர் வில்லியம் மாண்ட்கோமரி இதைக் கவனித்து லண்டனுக்கு எழுதினார். அதுதான் கட்டாபெர்ச்சா. "கெத்தா" என்ற மலாய்ச் சொல் அதற்குள் ஒளிந்திருப்பதைப் பாருங்கள்!

கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட இதைவிட நல்ல பொருள் அன்று கிடைக்கவில்லை. 1870இல் மெட்ராசிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குப் போட்ட கம்பியும் அப்படிப்பட்டதுதான். நாம் ரப்பர் மரத்தை நோகாமல் சீவிப் பால் எடுக்கிறோம். மறுநாளும் மரம் நிற்கும். தாபானை வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். மரம் ஒன்றுக்குக் கிடைத்ததோ கொஞ்சம். சிங்கப்பூர்த் தீவில் சில ஆண்டுகளிலேயே மரம் தீர்ந்துபோயிற்று. (மாணவர்களே, ரப்பரும் கட்டாபெர்ச்சாவும் ஒரே மூலக்கூறின் இரு வகைச் சங்கிலிகள். ஒன்று இழுபடும், மற்றது விறைக்கும்.)

பல் வைத்தியர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? 1867இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், பௌமன் என்ற மருத்துவர் இதைக் கொண்டு பல்லின் வேரை நிரப்பியதாக அறிவித்தார். இன்றும் மெல்லிய குச்சிகளாக இதுவே வேருக்குள் போகிறது. குச்சியில் தாபான் பால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு.

ஆனால் ஒரு குறை. கட்டாபெர்ச்சா பல்லோடு ஒட்டாது! ஓரத்து இடுக்கில் கிருமி புகும். அந்த இடுக்கை அடைக்கத்தான் பசை. 1925 வாக்கில் ரிக்கர்ட் என்பவரும், 1936இல் கிராஸ்மனும் துத்தநாக ஆக்சைடு கலவைகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் இருந்த வெள்ளித்தூள் பல்லைக் கறுக்க வைத்தது. 1958இல் கிராஸ்மன் கறைபடாத கலவையை வெளியிட்டார். அதைக் குழைக்கும் எண்ணெய் எது தெரியுமா? கிராம்பிலிருந்து வரும் யூஜினால். பாட்டி சொன்னதேதான்! விலை மலிவு, நெடுநாள் பழக்கம்; ஆனால் மெல்ல மெல்லக் கரையும், வேர்நுனிக்கு வெளியே கசிந்தால் எரிச்சல் தரும்.

1950களில் சுவிட்சர்லாந்தின் ஷ்ரூடர் எப்பாக்சி பிசினைக் கொண்டுவந்தார். இது அதிகம் கரையாது, நன்றாகப் பற்றும். முதலில் வந்த வகை இறுகும்போது சிறிது ஃபார்மால்டிஹைடு வெளிவிட்டது. பின்னால் வந்தவை அதைக் குறைத்தன. சுண்ணாம்புச் சத்துள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு பசைகள் புண்ணை ஆற்றும் என்று வந்தன, ஆனால் கரைந்துபோகும் குறை அவற்றுக்கும் உண்டு. 2000க்குப் பிறகு வந்த கால்சியம் சிலிகேட் பசை, வீடு கட்டும் சிமெண்டுக்கு உறவுக்காரன். பல்லின் ஈரத்திலேயே இறுகும். விலை கூடுதல், மறுபடி தோண்டி எடுப்பதும் சிரமம்.

எது உசத்தி? பிசினையும் சிலிகேட்டையும் நோயாளிகளிடம் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வேற்றுமை தெரியவில்லை. என் கருத்தைக் கேட்டால், சுத்தம் செய்யாத வேரை எந்தப் பசையும் காப்பாற்றாது. ஆகவே, பசையின் பெயரைக் கேட்குமுன், "வேர்க்குழாய் எத்தனை டாக்டர், எல்லாம் கிடைச்சுதா? மேலே மூடி எப்போ போடுவீங்க?" என்று கேளுங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வழக்கமாக மூன்று இருக்கும், சிலருக்கு நான்கு.