ஹூக்ளிக் கரைக்கு வந்த பிள்ளைகள்

கல்கத்தாவில் பிள்ளைகளை விற்கும் தொழில் ஒரு காலத்தில் ஒளிவுமறைவின்றி நடந்தது. 1785-இல் அங்கிருந்த உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி வில்லியம் ஜோன்ஸ் ஜூரிகள் முன்னால் அதை எடுத்துரைத்தார். ஹூக்ளி ஆற்றில் பெரிய படகுகள் கொள்ளும் மட்டும் குழந்தைகள் விற்பனைக்கு வருகிறார்கள்; அவர்களில் பெரும்பாலோர் பெற்றோரிடமிருந்து திருடப்பட்டவர்கள், அல்லது பஞ்ச காலத்தில் ஒரு படி அரிசிக்கு வாங்கப்பட்டவர்கள் என்றார். 1789-இல் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் அடிமைகளைக் கப்பலேற்றுவதைத் தடைசெய்தார். 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், நீதிமன்றங்கள் அடிமை உரிமையை ஏற்கக் கூடாது என்றது.

இந்த ஆவணங்களில் பேசுவது நீதிபதியும் அதிகாரியும்தான்; படகில் குந்தியிருந்த பிள்ளை பேசவில்லை. சிறுவயதில் வங்காளத்திலிருந்து கொண்டுபோகப்பட்டு, பிரான்சில் மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் து பாரியின் ஏவல் சிறுவனான சமோர், 1793-இல் பாரிஸ் புரட்சி நீதிமன்றத்தில் தன் பிறப்பிடம் வங்காளம் என்று சொன்னார். பிள்ளையாகப் பறிபோனவர் வாய்திறந்ததற்கு அது ஓர் அரிய சான்று.

1854-இல் கல்கத்தாவின் எதிர்க்கரையான ஹவுராவில் ரயில் ஓடத் தொடங்கியதும், ஆற்று வழியோடு தண்டவாள வழியும் சேர்ந்தது. அந்த வழியில் வந்த ஒரு சிறுவன்தான் பிற்பாடு முழுக் கதையையும் எழுதினார். மத்தியப் பிரதேசத்துக் கண்ட்வாவில் கணேஷ் தலாய் என்ற பகுதியைச் சேர்ந்த ஷேரு, 1986-இல் ஐந்து வயதில், புர்ஹான்பூர் நிலையத்தில் அண்ணனுக்காகக் காத்திருந்து தூங்கிப்போனான். பிறகு தனியாக ரயிலேறி ஹவுரா வந்து சேர்ந்தான். அவனை யாரும் கடத்தவில்லை. கடத்தல் ஹவுராவில்தான் அருகே வந்தது. ரயில்வே ஊழியர் ஒருவர் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டார். பிறகு இன்னொரு ஆளையும் கூட்டிவந்தார். அந்த ஆளின் பார்வையும் பேச்சும் சரியில்லை என்று பிள்ளைக்குப் பட்டது. ஓடிவிட்டான். படிப்போ அந்த ஊர் பாஷையோ தெரியாத ஐந்து வயதுக் குழந்தையைக் காத்தது அந்த அச்சம்தான்.

சில வாரத் தெருவாசத்துக்குப் பின் போலீஸ், அரசு விடுதி, அங்கிருந்து சரோஜ் சூத் நடத்திய தத்து நிறுவனம் என்று கை மாறினான். ஊர்ப் பெயரை அவன் மழலையில் திரித்துச் சொன்னதால் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. 1987-இல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில் பிரையர்லி தம்பதியிடம் பிள்ளையாகப் போனான். ஷேரு என்ற பெயரும் அவன் மழலையில் சரூ ஆகியிருந்தது.

வளர்ந்த சரூ, பயணம் ஏறக்குறைய பதினான்கு மணி நேரம் என்று வைத்து, ரயிலின் வேகத்தோடு பெருக்கி, கல்கத்தாவை மையமாக்கி 1,200 கிலோமீட்டர் தொலைவில் ஒரு வட்டம் போட்டார். கூகுள் எர்த்தில் இரவிரவாகத் தண்டவாளங்களைப் பின்தொடர்ந்தார். தேடியது ஒரு தண்ணீர்த் தொட்டியையும் நடைமேம்பாலத்தையும். மனதில் அழியாமல் நின்றவை அவைதாம். 2011-இல் அவை திரையில் தென்பட்டன. அவரது நினைவுநூல் 2013-இல் வெளிவந்தது. 2016-இல் ‘லயன்’ படமாயிற்று. நூல் வந்த அதே 2013-இல், குழந்தை காணவில்லை என்ற ஒவ்வொரு புகாரையும் கடத்தல் என்றே கருதி வழக்குப் பதிய வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

2012 பிப்ரவரியில் சரூ கணேஷ் தலாய் போனார். அண்ணன், அவர் தொலைந்த அதே நாட்களில் ரயிலில் அடிபட்டு இறந்திருந்தார். தாயோ, மகன் திரும்பினால் தேடி அலையக் கூடாதென்று அந்தப் பகுதியை விட்டுப் போகாமல் இருந்தார். மகனுக்கு இந்தி மறந்துபோயிருந்தது. தாய்க்கு ஆங்கிலம் தெரியாது. இடையில் ஒருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, இருபத்தைந்து ஆண்டுப் பேச்சு தொடங்கியது.