பொறுப்பு உண்டு, அதிகாரம் இல்லை!

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிக்கு, உறவினர் அன்போடு வாங்கிவரும் இளநீரே ஆபத்தாகிவிடக்கூடும். அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பைப் பாதிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக இளநீர் விற்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில், இதைக் குடும்பத்தினரின் மனம் கோணாமல் எடுத்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவமனையின் உணவியல் வல்லுநர். 'டயட்டீஷியன்' என்று நாம் அழைக்கும் அவரை, உணவுப் பட்டியல் எழுதித் தருபவர் என்ற அளவிலேயே பலரும் அறிந்திருக்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம், 2022-இல் நடைமுறைக்கு வந்த தனது நோய் வகைப்பாட்டின் 11-ஆவது பதிப்பில், பணிச்சோர்வை நோயாக அல்லாமல் பணி சார்ந்த நிகழ்வாகவே குறிப்பிடுகிறது. நீடித்த பணி அழுத்தம் சரிவரக் கையாளப்படாததன் விளைவு அது. ஆற்றல் வற்றும், வேலை கசக்கும், செயல்திறன் குன்றும். ஒருநாள் யோகா வகுப்பு நடத்திவிட்டுக் கடமை முடிந்ததாகக் கருதும் நிர்வாகங்கள் இந்த விளக்கத்தை ஒருமுறை படிப்பது நல்லது.

பணிச்சுமை மிகுந்தும், முடிவெடுக்கும் உரிமை குறைந்தும் உள்ள வேலைகளே மன அழுத்தத்தை வளர்க்கின்றன என்று 1979-இல் எழுதினார் ராபர்ட் கராசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர். உணவியல் வல்லுநரின் பணி பெரும்பாலும் இத்தகையதே. உணவைப் பரிந்துரைப்பவர் அவர்; அதை மாற்றும் உரிமை மருத்துவருக்கு; சமைப்பது பல இடங்களில் ஒப்பந்ததாரர்; உண்பதோ நோயாளியின் விருப்பம். சர்க்கரை அளவு குறையாவிட்டால் கேள்வி மட்டும் அவரிடம் வரும். குறைந்துவிட்டாலோ, பெருமை மாத்திரைக்கு!

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குப் படுவது இது. ஓரிடத்தில் பணியாற்றிப் பெறும் தனித்திறனை மனித மூலதனத்தின் ஒரு வகையாக 1964-இல் விளக்கினார் கேரி பெக்கர். மாமல்லபுரம், கோவளம் பகுதி மீனவர் வீடுகளில் 'உப்பைக் குறையுங்கள்' என்றால் போதாது. கருவாட்டுக்கு மாற்று சொல்லத் தெரிய வேண்டும். அந்த அறிவு பட்டப் படிப்பில் கிடைப்பதில்லை. சோர்ந்துபோனவர் விலகும்போது அதுவும் உடன் போய்விடுகிறது. புதியவர் முதலிலிருந்து கற்க வேண்டும். இந்த இழப்பு எந்த வரவு-செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதால், நிர்வாகிகளின் கண்ணிலும் படுவதில்லை.

சமையலறை ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை வகுப்பதில் அவருக்கு இடம் வேண்டும். மருத்துவர்களின் வார்டு சுற்றில் அவரும் உடன் செல்ல வேண்டும். படிவங்களை நிரப்ப ஓர் உதவியாளரை அமர்த்துவதற்குப் பெரும் செலவாகாது. பதவி உயர்வுக்கும் வழி இருக்க வேண்டும். 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலாளர் ஆணையச் சட்டம் இத்தொழிலையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கல்வித் தகுதியையும் பதிவையும் சட்டம் முறைப்படுத்தலாம். ஒருவர் எத்தனை நோயாளிகளைப் பார்ப்பது என்பதை அந்தந்த மருத்துவமனை நிர்வாகிதான் முடிவு செய்ய வேண்டும்.