கோடை உழவும் கரியமில வாயுவும்

சித்திரையில் ஒரு நல்ல மழை விழுந்துவிட்டால் கரிசல் காட்டில் ஏர் பூட்டாத வீடு இருக்காது. நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். கோரைக்கிழங்கு வெயிலில் காய்ந்து சாகும். உள்ளே கிடக்கும் கூட்டுப்புழு மேலே வந்து பறவைகளுக்கு இரையாகும். அடுத்த மழை ஓடிவிடாமல் மண்ணில் இறங்கும். வேளாண்மைத் துறையில் இருந்தவரை நானும் இதைத்தான் ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன். வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காய்ந்தால் பிடி எருவும் வேண்டாம் என்பது 1037ஆம் குறளின் கருத்து.

எருவே போடாமல் சத்து எங்கிருந்து வரும்? இதற்கு விடை கென்யாவிலிருந்து கிடைத்தது. அங்கே முகுகாவில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் பிர்ச் என்பவர் மண்ணைக் காயவைத்து, நனைத்து, மறுபடி காயவைத்துப் பார்த்து 1958இல் எழுதினார். நன்றாகக் காய்ந்த மண்ணில் தண்ணீர் பட்டதும் நுண்ணுயிர்கள் திமுதிமுவென்று கிளம்பி மக்கைத் தின்கின்றன. தழைச்சத்து வெளிப்படுகிறது, கூடவே கரியமில வாயுவும் குப்பென்று வெளியேறுகிறது. அதாவது, மண் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. உழுவதைவிட எரு இடுவது நல்லது என்று அடுத்த குறளிலேயே வள்ளுவர் சொல்லியிருக்கிறார். முந்தையதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

சேமிப்பை வாரி இறைத்தவர்கள் அமெரிக்கர்கள். உழுதால் மழை தானாக வரும் என்று சொல்லியே 1880களில் அங்கே மேற்குச் சமவெளியில் ஆட்களைக் குடியேற்றினார்கள். முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏறியது. பிறகு டிராக்டர் வந்தது. புல்வெளி முழுக்கப் புரட்டப்பட்டது. 1930களில் மழை பொய்த்ததும் மண் பறந்தது. 1935 ஏப்ரல் 14 அன்று பட்டப்பகலில் இருண்டது. இரண்டே வாரத்தில் மண்வளப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. புழுதி கண்ணுக்குத் தெரிந்தது. வாயுவாகப் போனது தெரியவில்லை. அந்த மண்ணிலிருந்த கரிமத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை சாகுபடியால் போய்விட்டது என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

அதனால்தான் இன்று உழவே வேண்டாம் என்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை என்பது என் எண்ணம். உழாத நிலத்தில் கரிமம் மேல்மண்ணில் கூடுகிறது. ஆழத்தில் பார்த்தால் பல இடங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. மேலும், அந்த முறைக்கு அறுத்த தட்டை வயலை மூடிக் கிடக்க வேண்டும். நம் சோளத்தட்டையோ மாட்டுக்குப் போகிறது. மூடாக்கு இல்லாத கரிசலை உழாமலும் விட்டால், பெய்கிற கொஞ்ச மழையும் வழிந்து ஓடிவிடும். மானாவாரிக்காரன் அதைத் தாங்க மாட்டான்.

சந்தேகமில்லாத லாபம் டீசலில் இருக்கிறது. ஒரு லிட்டர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. ஆகவே கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கோடை மழைக்கு ஒரு உழவு போதும், அதையும் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். வாடகை ரோட்டவேட்டரை நாலு தடவை விட்டு மண்ணை மாவாக்க வேண்டாம். மிச்சமாகும் காசுக்கு இரண்டு வண்டி தொழுவுரம் வாங்கிப் போடுங்கள்.